காயம் துரத்தும் வீரரைத் தற்காப்புக்கு அனுப்பலாமா? டார்சி மூர் விவகாரம்

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அடிக்கடி காயமடையும் ஒரு தாக்குதல் வீரரைத் தற்காப்புக்கு மாற்றினால் அவர் உடல் தப்பிக்குமா? காலிங்வுட் அணியின் ரசிகர்கள் டார்சி மூரை வைத்து ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டது எதற்காக? யார் பக்கம் நியாயம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூரைப் பின்வரிசைக்கு மாற்றியது மிகச் சரியான முடிவு. ஆனால், அந்த முடிவை ஆதரித்த ரசிகர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் தவறு. "பின்னால் நின்றால் அடிபடாது" என்றார்கள். பின்னால் போன முதல் ஆண்டில்தான் அவர் அதிகமாக அடிபட்டார். வீடு மாறினால் கடன் தீர்ந்துவிடாது. தற்காப்பு அவர் தசையைக் குணப்படுத்தவில்லை. அவர் திறமைக்கு ஏற்ற வேலையை அது கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் வாதம் இத்தனை ஆண்டுகள் இழுத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் பறந்து வரும் உதைபந்தைத் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் யாருடைய இடையூறும் இல்லாமல் அடுத்த உதையை எடுக்கலாம். எனவே, உயரமாக எழும்பிப் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆட்டத்தில் தங்கத்தின் மதிப்பு. ஆஃப்சைடு விதி கிடையாது. அதனால் முன்வரிசை, பின்வரிசை என்பதெல்லாம் பயிற்சியாளர் வகுக்கும் ஏற்பாடுதான்.

இனி மூர். 203 சென்டிமீட்டர் உயரம், அந்த உயரத்துக்கு நம்பமுடியாத வேகம். தந்தை பீட்டர் மூர், 1979-இல் காலிங்வுட் வீரராகவும் 1984-இல் மெல்பர்ன் வீரராகவும், பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றவர். 1981 இறுதிப்போட்டியில் காலிங்வுட்டின் அணித்தலைவராக நின்று கார்ல்டனிடம் தோற்றவர். தந்தை ஆடிய அணிக்கு மகனை முன்னுரிமையில் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் விதியின்படி, அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் ஒன்பதாவது தேர்வாக டார்சி வந்தார். தந்தை அணிந்த 30-ஆம் எண் சட்டையே அவருக்கும் கிடைத்தது. இவ்வளவும் சேர்ந்த ஒருவரைப் பார்த்ததும் ரசிகர்கள் மனத்தில் எழுந்த சித்திரம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பத்தாண்டுகளுக்கு நமக்குக் கோல் அடிக்க ஆள் கிடைத்துவிட்டார். 2015 முதல் 2017 வரை பெரும்பாலும் முன்வரிசையில்தான் ஆடினார். சில ஆட்டங்களில் பிரமாதமாக ஆடினார், பல ஆட்டங்களில் காணாமல் போனார். 2017-இல் சில நேரங்களில் பின்னே இறக்கிப் பார்த்தார்கள். 2018 பருவத்துக்கு முன் பயிற்சியாளர் நேதன் பக்லி, இனி இவர் தற்காப்பு வீரர் என்று முடிவுகட்டினார்.

அப்போது ரசிகர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். முதல் தரப்பு, ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) அடிக்கடி பிடித்துக்கொள்ளும் ஒருவரைத் திடீர் ஓட்டம் அதிகமுள்ள முன்வரிசையில் வைத்து ஏன் வதைக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டாவது தரப்பு கொதித்தது: இவ்வளவு உயரமும் வேகமும் உள்ள முன்வரிசை வீரர் தலைமுறைக்கு ஒருவர்தான் கிடைப்பார், அவரைப் பந்தைத் தட்டிவிடும் வேலைக்கு அனுப்புவது அநியாயம். மூன்றாவது தரப்புக்கு இடமே பொருட்டில்லை. எங்கே நிறுத்தினாலும் இந்த உடல் தாங்காது, சிக்கல் பயிற்சி முறையில் இருக்கிறது என்றார்கள். மூன்று தரப்பிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் தரப்பின் வாதத்தைச் சரிபார்க்க வேண்டுமானால், அந்தத் தசை எப்போது கிழிகிறது என்று தெரிய வேண்டும். தொடையின் பின்புறத் தசைத் தொகுதியான ஹாம்ஸ்ட்ரிங் இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை போகிறது. உச்ச வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீள்வதும் இழுத்துப் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிற அந்தக் கணத்தில்தான் அது பெரும்பாலும் கிழிகிறது. இந்த ஆட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தரையில் உருளும் பந்தை முழு ஓட்டத்தில் குனிந்து எடுக்க வேண்டும். இடுப்பு மடங்கி, கால் நீண்டு, தசை அதன் எல்லைவரை இழுபடும். 203 சென்டிமீட்டர் மனிதர் குனிய வேண்டிய தூரத்தை எண்ணிப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் தேசியப் போட்டித் தொடரான ஏஎஃப்எல்லில் ஆண்டுதோறும் தொகுக்கப்படும் காயக் கணக்குகளில் ஹாம்ஸ்ட்ரிங் முதலிடத்தில் இருப்பது தற்செயலாக நடப்பதில்லை. ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதும் நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

இப்போது முன்வரிசை வீரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தொலைக்காட்சியில் இது தெரியாது, கேமரா பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும். மைதானத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை மறந்துவிட்டு, ஒரே ஒரு முன்வரிசை வீரரை மட்டும் கால் மணி நேரம் கவனியுங்கள். பந்து மறுமுனையில் இருக்கும்போது அவர் நிற்கிறார், நடக்கிறார், தன்னை ஒட்டி நிற்கும் எதிரியைத் தோளால் தள்ளிப் பார்க்கிறார். நடுவில் தன் அணிக்காரர் கையில் பந்து சேர்ந்த நொடியில் இரண்டடி பொய்யாகப் பின்னே போய், சட்டென்று திரும்பி, உதைப்பவரை நோக்கி முழு வேகத்தில் பாய்கிறார். இதை 'லீட்' என்பார்கள். பந்து அவருக்கு வராமல் வேறு பக்கம் போய்விடும். நின்று, திரும்பி நடந்து, மறுபடி அதே பாய்ச்சல். பல பாய்ச்சல்களுக்கு ஒருமுறைதான் பந்து வரும். உடல் ஆறிய நிலையிலிருந்து நேராக உச்ச வேகத்துக்குப் போகும் இந்த வேலை, பழைய கிழிசல் உள்ள தசைக்கு ஆகாதது. இந்த அளவுக்கு முதல் தரப்பின் கணக்கு சரி.

ஆனால், எதிரியை ஒட்டி நிற்கும் தற்காப்பு வீரரும் அதே பாய்ச்சலைப் பாய வேண்டும். முன்வரிசை வீரராவது எப்போது கிளம்புவது என்று தானே தீர்மானிக்கிறார். இவரோ அவர் கிளம்பிய பிறகு, அரை நொடி தாமதமாக, அவரை எட்டிப்பிடிக்க ஓட வேண்டும். அப்படியானால் பின்வரிசையில் ஓட்டம் எங்கே குறைந்தது?

விடை இங்கேதான் இருக்கிறது: தற்காப்பு என்பது ஒரே வேலை கிடையாது. ஒன்று, எதிரணியின் முதன்மை முன்வரிசை வீரரோடு ஆட்டம் முழுக்க மல்லுக்கட்டுவது. மற்றொன்று, அவரைச் சற்றே விட்டு விலகி நின்று, உதைப்பவரின் உடல் திரும்பும் திசையை வைத்துப் பந்து எங்கே விழும் என்று கணித்து, குறுக்கே புகுந்து பிடிப்பது. இரண்டாவது வேலையில் வீரர் பந்தைக் கண்ணால் பார்த்தபடியே வளைந்து ஓடி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, சரியான கணத்தில் எழும்புகிறார். எப்போது ஓடுவது என்ற முடிவு மறுபடி அவர் கைக்கு வந்துவிடுகிறது. மூருக்கு ஏற்ற வேலை இந்த இரண்டாவதுதான். முன்வரிசையில் இருந்தபோது அவரிடம் குறையாகத் தெரிந்தது, நெருக்கடியில் தோள்சண்டை போட்டு இடம் பிடிப்பதில் இருந்த பலவீனம். பின்வரிசையில் அந்தச் சண்டையே தேவைப்படவில்லை. ஓடிவந்து எழும்பும் இடம் கிடைத்தது. பிடிக்க முடியாத பந்தை அந்த நீண்ட கையால் முஷ்டி மடக்கிக் குத்தித் தள்ளினால் போதும். முன்வரிசையில் பாதி வெற்றி என்பது கிடையாது. பின்வரிசையில் பந்தைத் தட்டிவிடுவதே வெற்றி.

ஆனால், 2018-இல் இதில் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் மூர் ஆடியது ஏழே ஆட்டங்கள். ஹாம்ஸ்ட்ரிங் திரும்பத் திரும்பக் காலை வாரியது. "பின்னால் போனால் தப்பிப்பார்" என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள், "பார்த்தீர்களா?" என்று மற்ற இரு தரப்பும் துள்ளின. அந்த ஆண்டில்தான் காலிங்வுட் இறுதிப்போட்டிக்கு வேறு போனது. பின்வரிசையில் ஆள் பஞ்சம். லிண்டன் டன் முழங்கால் காயத்தால் வெளியே. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அதே ஆண்டில் திரும்பிய டைசன் கோல்ட்சாக் உயரமான முன்வரிசை வீரர்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது. மூர் பார்வையாளர் பகுதியில்.

இறுதிப்போட்டி நாளான 2018 செப்டம்பர் 29-இன் கடைசி நிமிடங்களை இந்த விவாதத்தில் யாரும் சரியாகப் பயன்படுத்தியதாக நான் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரம் இருக்கும்போது காலிங்வுட் இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. பந்தை முன்னே உதைக்கிறது. வெஸ்ட் கோஸ்ட் அணியின் தற்காப்பு வீரர் ஜெரமி மெக்கவர்ன் குறுக்கே புகுந்து அதை மார்க் பிடிக்கிறார். அங்கிருந்து நேதன் வார்டி, அவரிடமிருந்து லியாம் ரயன், கடைசியாக டொம் ஷீட். எல்லைக்கோட்டை ஒட்டிய கடினமான கோணத்திலிருந்து ஷீட் அடித்த கோலில் வெஸ்ட் கோஸ்ட் 79-74 என்று வென்றது. எல்லோருக்கும் நினைவிருப்பது ஷீட்டின் உதை. ஆனால், அதைத் தொடங்கி வைத்தது ஒரு பின்வரிசை வீரரின் பிடி. அந்த மெக்கவர்னும் தொடக்க காலத்தில் முன்வரிசையில் ஆடியவர்தான். "தற்காப்பு வீரர் கோல் தரமாட்டார்" என்று சொன்ன இரண்டாவது தரப்புக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெதுவும் இல்லை. இன்றைய ஆட்டத்தில் பல கோல்கள் பின்னால், எதிரணி உதைத்த பந்தைப் பறிக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன.

அந்தத் தோல்விக்குப் பிறகு காலிங்வுட் செய்த ஒரு சிறிய காரியம் மூரின் வாழ்க்கையையே திருப்பியது என்பது என் உறுதியான எண்ணம். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியிலிருந்து ஜோர்டன் ரஃப்ஹெட்டைக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாத ஒப்பந்தம். 2019-இல் எதிரணியின் கனமான முன்வரிசை வீரரோடு மல்லுக்கட்டும் முதலாவது வேலையை ரஃப்ஹெட் எடுத்துக்கொண்டார். உயரப் பறந்து பிடிப்பதில் புகழ்பெற்ற ஜெரமி ஹவ் இன்னொரு பக்கம். அவரும் மெல்பர்ன் அணியில் முன்வரிசையில் ஆடியவர். காலிங்வுட் வந்த பின்னரே தற்காப்பில் வேரூன்றினார். இந்த இருவருக்கிடையே மூருக்குச் சுதந்திரம் கிடைத்தது. 2018-இல் அவருக்குக் கொடுக்கப்பட்டது ஓர் இடம் மட்டும். 2019-இல்தான் அந்த இடத்துக்குரிய வேலை கிடைத்தது. 2020-இல் ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் தற்காப்பு வீரராக இடம்பெற்றார்.

இத்தோடு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும், ஓயவில்லை. அந்த ஆண்டுகளில் காலிங்வுட் கோலுக்குத் திண்டாடியது. டெக்ஸாஸிலிருந்து வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட மேசன் காக்ஸ் சில நாள் மலையாக நின்றார், சில நாள் கண்ணிலேயே படவில்லை. "மூரை முன்னே அனுப்பு" என்ற குரல் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எழுந்தது. 2021-இல் பக்லியே சில ஆட்டங்களில் அனுப்பிப் பார்த்தார். முன்னே கிடைத்தது கொஞ்சம், பின்னே இழந்தது நிறைய. அந்தப் பருவத்தின் நடுவில் பக்லி பதவி விலகினார். மூரின் பருவம் முழங்கால் காயத்தால் முன்கூட்டியே முடிந்தது. நெருக்கடியில் இருக்கும் அணிகள் தம் வலுவான இடத்தை உடைத்துப் பலவீனமான இடத்தை ஒட்டப் பார்க்கும் இந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. சுவரின் ஒரு பக்கத்துக் கல்லைப் பிடுங்கி மறுபக்கத்தில் வைப்பதால் கல்லின் எண்ணிக்கை கூடிவிடாது என்பதைப் பயிற்சியாளர்கள் ரசிகர்களைவிட நன்றாக அறிவார்கள். இருந்தும் தோல்வி துரத்தும்போது மறந்துபோகிறார்கள்.

2022-இல் கிரெய்க் மெக்ரே பயிற்சியாளராக வந்தார். மூர் பின்னேதான் என்பதில் அவர் தடுமாறவே இல்லை. 2023-இல் ஸ்காட் பெண்டில்பரிக்குப் பின் மூர் அணித்தலைவரானார், மீண்டும் ஆல் ஆஸ்திரேலியன் ஆனார். செப்டம்பர் 30 அன்று 1,00,024 பேர் பார்த்துக்கொண்டிருக்க, இறுதிப்போட்டியில் பிரிஸ்பேனை 90-86 என்று காலிங்வுட் வென்றது. வெற்றிக் கோப்பையைத் தலைவரிடமும் பயிற்சியாளரிடமும் கொடுக்க மேடையேறியவர் பீட்டர் மூர். 1981-இல் தோற்ற தலைவர், 2023-இல் வென்ற தலைவரான தன் மகனிடம் கோப்பையைக் கொடுத்தார். காலிங்வுட் ஆதரவாளர்கள் பலர் அந்த மேடையைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

இதை வைத்து, காயம்படும் எவரையும் பின்னே அனுப்பிவிடலாம் என்று யாராவது முடிவுக்கு வந்தால், அதே இறுதிப்போட்டியின் முதல் கால்பகுதியைப் பார்க்கச் சொல்வேன். மூருக்குப் பக்கத்தில் ஆடிய தற்காப்பு வீரர் நேதன் மர்ஃபி தலையில் அடிபட்டு வெளியேறினார். அதன்பின் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மருத்துவக் குழுவின் அறிவுரைப்படி 2024-இல் 24 வயதில் ஓய்வு பெற்றார். காரணம், பல ஆண்டுகளாகச் சேர்ந்த தலை அதிர்ச்சிகள். பந்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடி, எதிரே யார் வருகிறார் என்று பார்க்காமல் எழும்புவது குறுக்கே புகுந்து பிடிப்பவரின் தொழில். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு இதமான அந்த வேலை தலைக்கு இதமானது கிடையாது.

இதில் மிகவும் வருத்தம் தருவது பேடி மெக்கார்ட்டினின் கதை. மூர் ஒன்பதாவதாக வந்த அதே 2014 டிராஃப்டில் முதல் தேர்வு அவர்தான். செயின்ட் கில்டா அணிக்குக் கோல் அடிக்க வந்த முன்வரிசை வீரர். முதல் வகை நீரிழிவோடு வாழ்பவர். அடுத்தடுத்து வந்த தலை அதிர்ச்சிகளால் 2019-இல் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்ததாகவே தோன்றியது. பிறகு சிட்னி அணி அவரைத் தம்பி டாம் மெக்கார்ட்டினுக்குப் பக்கத்தில், தற்காப்பு வீரராக, 2022-இல் களமிறக்கியது. அற்புதமாக ஆடினார், அந்த ஆண்டு இறுதிப்போட்டி வரை போனார். மூரையும் அவரையும் ஒரே மூச்சில் எடுத்துக்காட்டாகச் சொல்லாத ரசிகர் அப்போது இல்லை. 2023 ஏப்ரலில் மீண்டும் ஒரு தலை அதிர்ச்சி. அந்த ஆண்டிலேயே ஓய்வு அறிவித்தார். இடமாற்றம் அவருக்கு ஓர் அருமையான ஆண்டைக் கொடுத்தது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அவருடைய காயம் தசையில் இல்லை, மூளையில். அதற்கு எந்த வரிசையிலும் பாதுகாப்பான இடம் கிடையாது.

ஆகவே, அடுத்த முறை உங்கள் அணியின் காயம்படும் வீரர் ஒருவரைப் பின்னே அனுப்பும் பேச்சு வந்தால், முதலில் காயம் எது என்று கேளுங்கள். ஹாம்ஸ்ட்ரிங்கா, முழங்கால் தசைநாரா, தலையா? பிறகு, பின்னே போனால் அவருக்கு எந்த வேலை என்று கேளுங்கள். மல்லுக்கட்டும் வேலை என்றால் உடலுக்கு எந்த இலாபமும் இல்லை. குறுக்கே புகுந்து பிடிக்கும் வேலை என்றால், அவருக்குப் பதிலாக மல்லுக்கட்ட யார் இருக்கிறார்? அப்போது கார்ல்டனில் ஆடிய ஜாக் சில்வான்யி 2024 முழுவதையும் முழங்கால் காயத்தால் இழந்துவிட்டு, 2025-இல் முன்வரிசையிலிருந்து தற்காப்புக்கு மாறியபோது நான் கவனித்தது இதைத்தான். ஏஎஃப்எல்லின் நூற்றாண்டின் சிறந்த அணியில், கோல் கம்பங்களுக்கு அருகே நிற்கும் முழுப்பின்வரிசை வீரராகத் தேர்வான ஸ்டீபன் சில்வான்யியின் மகன் என்பதால் இரத்தத்தில் ஊறியது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கென்னவோ, அதே அணியின் தற்காப்பு வீரர் ஜேக்கப் வெய்ட்டரிங் போன்ற ஒருவர் கடினமான ஆளைப் பார்த்துக்கொண்டதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது.

மூரைப் பொறுத்தவரை, 1996 ஜனவரியில் பிறந்தவர், முப்பதைத் தொட்டுவிட்டார். அவருடைய வேகம் குறைகிறது என்ற பேச்சு சில பருவங்களாகவே இருக்கிறது. அத்தோடு, "கடைசி ஓரிரு ஆண்டுகள் முன்னே ஆடட்டும்" என்ற பழைய குரலும் எழுகிறது. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்குப் பாயும் அந்த 'லீட்' இருபது வயதிலேயே அவர் தசைக்கு ஒத்துவரவில்லை. முப்பது வயதில் அதைத் திரும்பக் கேட்பது கொடுமை. வேகம் குறைந்தால் எதிரணியின் முதன்மை உயர வீரரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் உயர வீரருக்கு எதிரே அவரை நிறுத்தட்டும். பந்து வரும் திசையைப் படிக்கும் கண்ணுக்கு இன்னும் வயதாகவில்லை.